மூக்குத்தி இருந்த இடம்

2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு டி.வி.யில் அந்த அறிவிப்பு வந்தபோது அம்மா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு 86 வயது. காது மந்தம். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து, "ஐந்நூறும் ஆயிரமும் இனிமே செல்லாதாம் பாட்டி" என்று கத்திய பிறகுதான் அவளுக்கு விஷயம் எட்டியது. டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கி, கண்ணில் நீர் கோத்து, புரையேறி, நான் அவள் தலையில் தட்ட வேண்டிய அளவுக்குச் சிரிப்பு.

"இங்கயும் வந்துட்டானா?" என்றாள்.

யார் வந்தது என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. 52 வருஷத்துக்கு முன்னால் ரங்கூனில் எங்கள் வீட்டுக்குள் வந்தவன்தான்.

வெற்றிலைப் பெட்டியின் அடியிலிருந்து நாலு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து என்னிடம் கொடுத்தாள். மறுநாள் பேங்க் கிடையாது. அதற்கடுத்த நாள் காலையில் நான் கிளம்பும்போது ஒரு புத்தி சொன்னாள். "வரிசையில உனக்கு முன்னாடி யாரு, பின்னாடி யாருன்னு பாத்து வச்சுக்க தாயி. நாலு மணி நேரம் நிக்கணும்ல. பேச ஆளு வேணும்."

எனக்கும் அப்போது 62 வயது. வெயிலில் நின்றேன். முன்னால் நின்றவர் ரிட்டயர்டு ஆன பஸ் கண்டக்டர். பின்னால் நின்றது மகள் கல்யாணத்துக்குப் பணம் சேர்த்து வைத்திருந்த ஒரு பூக்காரம்மா. மத்தியானம் வீடு திரும்பியபோது மாற்றிய பணத்தோடு அந்தப் பூக்காரம்மாவின் போன் நம்பரும் என்னிடம் இருந்தது. அம்மா முதலில் கேட்டது பணத்தைப் பற்றி இல்லை. "யார்கிட்ட பேசின?" என்றுதான்.

வயதான காலத்தில் ஒருத்தர் சந்தோஷமாக இருக்கிறார் என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று நான் யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

நான் பிறந்தது 1954இல், ரங்கூனில். மொகல் தெருவில் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு துணிக்கடை இருந்தது. அந்தத் தெருவுக்கு இப்போது ஷ்வே பொன்தா தெரு என்று பெயர். கடைக்கு மேலே வீடு. மாடியிலிருந்து கயிற்றில் கூடை கட்டி இறக்கினால் கீழே போகிற கீரைக்காரி கீரையை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வாள். ஏப்ரல் மாதம் பர்மாக்காரர்களின் தண்ணீர்த் திருவிழாவும் எங்கள் சித்திரை வருஷப் பிறப்பும் ஒட்டிக்கொண்டு வரும். முதல் நாள் தெருவில் நனைந்துவிட்டு மறுநாள் வேப்பம்பூப் பச்சடி சாப்பிடுவோம். கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு, காதில் தமிழும் வாயில் பர்மிய மொழியுமாகத் திரிந்த பிள்ளைகள் நாங்கள்.

1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். எங்கள் தெருவில் உடனே எதுவும் மாறவில்லை. மாறியது 1964 மார்ச்சில். கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆட்கள் வந்து சாவியை வாங்கினார்கள், துணியை பீஸ் பீஸாக எண்ணி எழுதினார்கள், கடைப் பெயர் இருந்த இடத்தில் ஒரு நம்பர் பலகையை மாட்டினார்கள். அப்பா மறுநாளும் காலையில் குளித்து விபூதி பூசி, வழக்கமான நேரத்துக்குக் கீழே இறங்கினார். கணக்கு ஒப்படைக்க வேண்டியிருந்தது. சொந்தக் கடையில் வாசல் பக்கமாக நின்றபடி அவர் பேரேட்டைப் புரட்டியதை நான் படிக்கட்டிலிருந்து பார்த்தேன்.

மே மாதம் ஐம்பதும் நூறும் செல்லாது என்று அறிவித்தார்கள். பர்மாப் பணத்துக்கு சாட் என்று பெயர். எங்கள் பேச்சில் அதுவும் ரூபாய்தான். கடை போனபோது கையில் மிஞ்சியதெல்லாம் அந்த நோட்டுகள்தான். அப்பா போய் வரிசையில் நின்றார். ஆனால் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டப் பயம். இவ்வளவு பணம் எப்படி வந்தது என்று கேட்டால்? கொஞ்சத்தை மாற்றினார். மிச்சத்தை மெழுகுத் துணியில் சுற்றி ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்தார். எப்படியோ அதை ஊர் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். செல்லாத தாளைத் தேடி எடுப்பார் யார்?

தேடி எடுத்தது மற்றதை. அந்த வருஷக் கடைசியில் எங்களுக்குக் கப்பல் கிடைத்தது. துறைமுகத்தில் ஒரு நீளமான மேசை. அம்மா சங்கிலியைக் கழற்றி வைத்தாள், தோட்டைக் கழற்றி வைத்தாள். மூக்குத்தியைக் காட்டி அதையும் என்றார்கள். அது கல்யாணத்துக்குப் போட்டது, திருகு இறுகிப்போய் வரவில்லை. யாரோ சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அடுத்தது நான். ஏழு வயதில் குத்திய மூக்கு, அரிசி மணி அளவுக்கு ஒரு பொட்டு. அதையும் கழற்றிக் கொடுத்தேன். அப்பா என் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். தம்பிக்கு அப்போது மூன்று வயது.

கப்பல் நகர்ந்து கொஞ்ச நேரத்தில், மேல்தளம் முழுக்க அழுகைச் சத்தமாக இருந்தபோது, அம்மா எங்கிருந்தோ ஒரு துடைப்பத்தைக் கண்டுபிடித்தாள். ஈர்க்கு ஒன்றை ஒடித்து, இன்னும் பொடியாக நறுக்கி, ஒன்றைத் தன் மூக்கில் செருகிக்கொண்டாள். இன்னொன்றை என் மூக்கில் வைத்தாள்.

"எதுக்கும்மா?"

"ஓட்டை தூந்து போயிரும்ல? அப்புறம் மறுபடி போடுறப்ப வலிக்கும்."

எங்களிடம் அப்போது இரண்டு பெட்டியும் ஒரு சமுக்காளமும்தான் இருந்தன. அம்மா 'மறுபடி போடுறப்ப' என்றாள்.

மெட்ராஸில் இறங்கி, முகாமில் சில மாதம் இருந்து, பிறகு வியாசர்பாடியில் ஒரு குடிசைக்கு வந்து சேர்ந்தோம். சுற்றிலும் எங்களைப் போலக் கப்பலில் வந்தவர்கள்தான். மழை வந்தால் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஈர்க்குப் போய் வேப்பங்குச்சி வந்தது. அம்மா மாதத்துக்கு ஒரு தடவை புதிதாக மாற்றிக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'குச்சி மூக்கி' என்று பட்டப்பெயர். ஒரு நாள் வரும் வழியில் குச்சியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். ஓட்டை தூர்ந்துபோனது. அம்மா பார்த்தாள், திட்டவில்லை. தன் குச்சியை மட்டும் விடாமல் மாற்றிக்கொண்டே இருந்தாள்.

அப்பா பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதப் போனார். நேர்மையான மனிதர், சம்பளம் முழுசாக வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் வாயைத் திறந்து பேச மாட்டார். அமாவாசைக்கு அமாவாசை ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, மெழுகுத் துணியை அவிழ்த்து, அந்த நோட்டுகளை எண்ணுவார். எண்ணிக்கை ஒரு தடவைகூடத் தப்பாது. எண்ணி முடித்த பிறகு அன்றைக்கெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

அம்மாவும் தெருவில் இருந்த மூன்று பெண்களும் சேர்ந்து தள்ளுவண்டி போட்டார்கள். ரங்கூனில் காலையில் வாங்கித் தின்ற பலகாரத்தை இங்கே சாயங்காலம் விற்றார்கள். அத்தோ என்றால் இன்று சென்னையில் தெரியாதவர்கள் குறைவு. அன்று அதை முதலில் பார்த்தவர்கள் மண்புழு என்றார்கள். மஞ்சளும் ஆரஞ்சுமான நூடுல்ஸ், மெல்லிசாக அரிந்த முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு பலகாரம் எல்லாவற்றையும் போட்டுக் கையால் பிசைந்து கொடுக்க வேண்டும். கூடவே வாழைத்தண்டு சூப். அம்மாவின் கை பிசைந்துகொண்டே இருக்கும், வாய் பேசிக்கொண்டே இருக்கும். துறைமுகக் கூலிகள், லாரி டிரைவர்கள், ஹைகோர்ட் குமாஸ்தாக்கள் என்று அவளுக்குத் தெரியாத ஆள் கிடையாது. யார் வந்தாலும் முதலில் பர்மிய மொழியில் "தமின் சா பீ பீலா" என்பாள். சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அங்கே வணக்கத்துக்குப் பதில் அதைத்தான் கேட்பார்கள். "பாரு, ரெண்டு பாஷைக்கும் சாப்பாடு 'சா'வுலதான் ஆரம்பிக்குது" என்று சிரிப்பாள்.

இந்தக் கதையை இப்படிச் சொல்லும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. அம்மா தைரியசாலி, அப்பா கோழை என்று ஆகிவிடும். நானே ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஒரே கப்பலில் வந்தவர்கள்தானே, ஒரே நஷ்டம்தானே, அவள் எழுந்து நிற்கும்போது இவருக்கு என்ன கேடு என்று கோபம்கூட வந்திருக்கிறது.

1976இல் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒற்றைக்கல் மூக்குத்தி வாங்கினேன். தள்ளுவண்டிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கையைக் கழுவினாள், வேப்பங்குச்சியை எடுத்தாள், அங்கேயே நின்றபடி போட்டுக்கொண்டாள். கண்ணாடிகூடக் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகத் திறந்தே வைத்திருந்த ஓட்டையில் அது சுலபமாகப் போய் உட்கார்ந்தது. எடுத்த குச்சியை என்னிடம் கொடுத்து, "தூரப் போடு" என்றாள். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் முட்டை ஒன்று இனாம்.

அப்பா 1989இல் போனார். காரியமெல்லாம் முடிந்து, பெட்டியைத் திறந்தபோது மெழுகுத் துணிக்கு அடியில் இன்னொரு பொட்டலம் இருந்தது. உள்ளே ஒரு சின்னப் பையனின் வெள்ளி அரைஞாண்கொடி. எனக்கோ தம்பிக்கோ வெள்ளியில் அரைஞாண் இருந்ததில்லை. அம்மாவிடம் கேட்டேன். அப்போதுதான் சொன்னாள்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரர்கள் ரங்கூனில் குண்டு போட்டபோது அப்பாவுக்கு 15 வயது. லட்சக்கணக்கானவர்களோடு அவர் குடும்பமும் இந்தியாவுக்கு நடந்தது. தமு வழியாக மணிப்பூருக்குள் புகுந்து, இம்பால் தாண்டி, திமாப்பூரில் ரயிலைப் பிடிக்க வேண்டும். காடு, மலை, காலரா. அப்பாவின் தம்பி ஆறு வயதுப் பையன். பாதி தூரத்துக்கு அவனை முதுகில் சுமந்தது அப்பாதான். அவன் எங்கே இறந்தான், எங்கே வைத்துவிட்டு வந்தார்கள் என்பதை அம்மாவிடம்கூட அவர் சொன்னதில்லை. சண்டை முடிந்து 1946இல் அவர் மறுபடி ரங்கூன் போய், வேறொருவர் கடையில் வேலை பார்த்து, பிறகு சொந்தக் கடை வைத்தார். அதைத்தான் 1964இல் எடுத்துக்கொண்டார்கள்.

"எனக்கு ஒரு தடவை, தாயி. அவருக்கு ரெண்டு தடவை" என்றாள் அம்மா. "மொத தடவை எந்திரிச்சவருதான். ஒரு மனுசனை எத்தனை தடவை எந்திரிக்கச் சொல்லுவ?"

அமாவாசை தோறும் அவர் எண்ணியது நோட்டை இல்லையோ என்று அன்றைக்குத் தோன்றியது. பிறகு ரொம்ப நாள் எனக்கும் சரியாகச் சோறு இறங்கவில்லை.

'கஷ்டப்பட்டால்தான் சுகத்தின் அருமை தெரியும்' என்று யாராவது சொன்னால் நான் அதற்குப் பிறகு தலையாட்டுவதில்லை. சொல்கிறவர் பெரும்பாலும் கஷ்டத்தைக் கடந்து கரையேறியவராக இருப்பார். ஏறாதவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை.

நூலகத்தில் சமூகவியல் அலமாரியில் ஒரு புத்தகம் இருந்தது. கிளென் எல்டர் என்ற அமெரிக்கர் 1974இல் வெளியிட்டது, 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியது. கலிபோர்னியாவில் ஓக்லாண்டில் 1920, 21இல் பிறந்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். குடும்பம் நொடித்தபோது பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்த பிள்ளைகள் வீட்டு வேலை, வெளிவேலை என்று கைகொடுத்தார்கள். பின்னால் பலர் நன்றாகவே தேறினார்கள். பிறகு பெர்க்லியில் 1928, 29இல் பிறந்தவர்களோடு ஒப்பிட்டபோதுதான் வேறு விஷயம் தெரிந்தது. அதே அடி குழந்தைப் பருவத்தில் விழுந்தால், அதுவும் ஆண் குழந்தைகள் மேல் விழுந்தால், காயம் ஆழமாக இருந்தது.

அதைப் படித்துவிட்டு மூடி வைத்தேன். கப்பலேறியபோது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு மூன்று. நான் மாவு சலித்தேன், வெங்காயம் உரித்தேன், அம்மாவோடு வண்டி தள்ளினேன். ஏதோ ஒரு வேலையில் எனக்கும் பங்கு இருந்தது. அவன் பார்த்தது அப்பாவின் மௌனத்தை மட்டும்தான். ரங்கூன் அவனுக்கு ஞாபகமே இல்லை, ஆனால் அதை இழந்த பயம் மட்டும் இருக்கிறது. நல்ல உத்தியோகம் பார்த்தான், பென்ஷன் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது. இன்றும் ராத்திரி எழுந்து கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை பார்ப்பான். அப்பாவின் செல்லாத நோட்டுகளை அவன்தான் வாங்கிக்கொண்டான். பேங்க் லாக்கரில் வைத்திருக்கிறான். செல்லாத பணத்துக்கு வருஷா வருஷம் லாக்கர் வாடகை கட்டுகிறவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான்டா என்று கேலி செய்வேன். அவனும் சிரிப்பான், ஆனால் வாடகையைக் கட்டிவிடுவான்.

எல்டர் 1982இல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையை எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பிற்பாடு எனக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். மந்த காலத்தில் குடும்பம் நடத்திய தாய்மார்களை நாற்பது வருஷம் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். நடுத்தரக் குடும்பத்துப் பெண்களில், அப்போது வருமானத்தை இழந்து சமாளித்தவர்கள், இழக்காதவர்களைவிடக் கிழவிகளான பிறகு மனத்தெம்போடு இருந்தார்கள். ஏற்கெனவே ஏழைகளாக இருந்த தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்கு அப்படி நடக்கவில்லை. அவர்களைக் கஷ்டம் கரைத்துவிட்டிருந்தது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டாள். "இதுக்கு நாப்பது வருசம் எழுதிப் பாத்தானா? நம்ம தெருவுக்கு வந்திருந்தா ஒரு மத்தியானத்துல சொல்லியிருப்பேனே" என்றாள். பிறகு விரலை மடக்கினாள். வண்டி போட்ட நாலு பேரில் ஒருத்திக்குக் கையில் சமையல் இருந்தது. ஒருத்திக்கு எழுதப் படிக்கத் தெரியும், அவள்தான் கடன் மனு எழுதினாள். ஒருத்திக்குக் கூடப்பிறந்தவன் ஊரில் இருந்தான், அரிசி அனுப்பினான். நாலாவது ஆளுக்கு எதுவும் இல்லை. மற்ற மூணு பேரும்தான் இருந்தார்கள். "அவ மாத்திரம் தனியா வேற தெருவுல இருந்திருந்தா என்னாயிருப்பா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் 2012இல் ரிட்டயர்டு ஆனேன். 2018இல் என் கணவர் போனார். முதல் வருஷம் இருட்டாகத்தான் இருந்தது. அப்பாவைப் போல நானும் எண்ண ஆரம்பித்தேன். கணவரின் சட்டைகளை, மாத்திரை அட்டைகளை, போன நாட்களை. வயதான காலத்தில் அந்தக் கணக்கு சுலபமாக வந்துவிடும், போட்டுக்கொண்டே இருக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா, அந்த 88 வயதில், கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னாள்: "எனக்கு அத்தோ திங்கணும்போல இருக்கு. ரெண்டு பேருக்குன்னு பண்ணாத, நல்லா வராது. பத்துப் பேருக்குப் பண்ணு."

பத்துப் பேருக்கு நான் எங்கே போவேன்? தெருவில் இறங்கிக் கூப்பிட்டேன். பழைய பர்மாக்காரிகள் மூணு பேர் இன்னும் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். வரிசையில் பார்த்த பூக்காரம்மாவுக்குப் போன் போட்டேன், மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மா கட்டிலிலிருந்தே புளித்தண்ணி பத்தாது, உப்பு பத்தாது என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அது வாராவாரம் ஆயிற்று. நடுவில் கொரோனா வந்து நின்றது. பிறகு மறுபடி தொடர்ந்தது. இன்றும் நடக்கிறது.

இப்போது எனக்கு 71. முட்டி வலி இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. சில ராத்திரிகளில் தூக்கம் வராமல், தம்பியைப் போல நானும் போய்த் தாழ்ப்பாளைப் பார்ப்பதுண்டு. ஆனாலும் என் சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் வருத்தமில்லாமல் மூன்று பதில் சொல்ல முடிகிறது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் இருப்பதே எனக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு விசேஷம். ஜன்னல் பக்கம் காபியோடு உட்கார்ந்து, தெருவில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மருமகளுக்கு இது புரியாது. புரியவே வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அம்மா 2021இல், 91 வயதில், தூக்கத்திலேயே போனாள். குளிப்பாட்டிய பெண்கள் மூக்குத்தியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்கள். சோப்புத் தண்ணீர் தேவைப்படவில்லை.

ஒரு வருஷம் அது பீரோவில் இருந்தது. ஒரு நாள் திறந்து பார்த்தபோது அமாவாசையும் மெழுகுத் துணியும் ஞாபகம் வந்தது. உடனே எடுத்துக்கொண்டு தெருக்கோடி ஆசாரி கடைக்குப் போனேன். மருமகள், "இந்த வயசுலயா அத்தை?" என்றாள்.

ஆசாரி சின்னப் பையன். விளக்கைத் திருப்பி என் மூக்கைத் தடவிப் பார்த்தான். "இங்க ஏற்கெனவே ஓட்டை இருந்திருக்கே பாட்டி" என்றான்.

"இருந்துச்சு. நான்தான் தூர விட்டுட்டேன்."

"தடம் இருக்கு. அது வழியாவே குத்திரலாம்."

குத்தினான். கண்ணில் நீர் கொட்டியது.

"வலிக்குதா பாட்டி?"

"வலிக்குது" என்றேன். கப்பலில் அம்மா சொன்னது ஞாபகம் வந்து, அதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.